பொன்னையா அண்ணாச்சியின் ஈரச் சாக்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று சிதறிக் கிடக்கிற நம்முடைய ஆட்களே, எல்லோரும் சுகமா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லையே? எங்கள் பக்கம் வெயில் தகரத்தை உருக்குகிறது. மழை இறங்க இன்னும் நாள் இருக்கிறது. குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வருகிற தண்ணீரைப் பிடிப்பதற்குள் பெண்கள் சண்டை போட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தையல்கடை ராமையா எழுதுகிறார். என் வாய்ப்பேச்சை அச்சுக்கு ஏற்றபடி நேர்செய்துகொள்வது அவர் பாடு. பொன்னையா அண்ணாச்சியைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்று நம் சங்க மலருக்காகக் கேட்டார்கள். அவரோடு அதிகம் உட்கார்ந்தவன் நான்தான். அதனால் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். சட்டியில் ஓர் ஈடு வெந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் பக்கத்துக் கோலியில் குடியிருக்கிற சண்முகம் வாசலில் வந்து நின்றான். கோலி என்றால் நாங்கள் குடியிருக்கிற ஒற்றை அறை. ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சண்முகம் எப்போது வந்தாலும் ஓர் உடைந்த முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பான். அன்றைக்குத் தட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏ தங்கராசு, அண்ணாச்சி போயிட்டாவ. காலையிலயே ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு, எனக்கு இப்பந்தான் வர முடிஞ்சிது" என்றான்.

நான் முறுக்கைத் திருப்பிப் போட்டேன். வேறென்ன செய்வது? காய்ந்த எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு ஓட முடியாது. எங்கள் பட்டறையில் தகரமும் சாக்கும் விறகும்தான் இருக்கின்றன. ஒரு பொறி போதும், சந்தே எரிந்துவிடும். ஈட்டை எடுத்து, விறகை இழுத்து அணைத்து, சட்டியை இறக்கினேன். எதிரே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த தாயம்மாள் கையிலிருந்த நூலைக் கீழே போட்டார்.

"அண்ணே, சாக்கு?" என்று கேட்டார்.

செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கைத்தான் கேட்டார். எனக்கும் அப்போதுதான் சாக்கு நினைவுக்கு வந்தது. அது என்ன சாக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அண்ணாச்சியின் கோலியைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேராகச் சொல்ல வராது.

அண்ணாச்சி தோல் கிடங்கில் வேலை பார்த்தார். பச்சைத் தோலுக்கு உப்புத் தடவி அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கரி எடுத்துச் சுவரில் வரைவார். சுவர் தீர்ந்ததும் அட்டை. அட்டை சலித்ததும் கண்ணாடிச் சில்லில் வர்ணம். சினிமா பேனர் எழுதுகிறவர்களிடம் மிச்ச எண்ணெய்ச் சாயம் வாங்கி வந்து கொஞ்ச காலம். பிள்ளையார் செய்கிற மராத்திக்காரர்கள் போட்டுவிட்ட பிளாஸ்டர் மாவைக் குழைத்துக் கொஞ்ச காலம். கிடங்கில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளில் காய்ச்சிய கம்பியால் சுட்டுச் சுட்டு உருவம் எடுத்துக் கொஞ்ச காலம். எதை எடுத்தாலும் தலைகால் தெரியாத ஆசையோடு எடுப்பார். பாதி வரும்போது உதட்டைப் பிதுக்குவார். "தப்பு எங்கையில இல்லவே. சாமானத்துல இருக்கு" என்பார். அடுத்த சாமானுக்குப் போய்விடுவார்.

தும்பிக்கை இல்லாத யானை, ஒரு சிறகோடு நிற்கிற கிளி, கழுத்து வரைக்கும் வந்த சிமெண்ட் மயில். இதெல்லாம் அந்தப் பத்தடிக் கோலியில் இருந்தன. அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மதினி, அன்னக்கிளி சோறு வடிக்கும்போது மயிலின் கழுத்தில்தான் கரண்டியை மாட்டுவார். "இது ஒண்ணுதான் இந்த வீட்டுல உருப்படியா ஆயிருக்கு" என்பார். அந்த மயில் எங்கள் முருகன் கோவிலுக்குச் செய்ய ஆரம்பித்தது. கோவில்காரர்கள் வந்து, "ஒடம்பு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டபோது, அவர் கண்ணாடியில் முழுகியிருந்தார். "ஒடம்பு என்ன ஒடம்பு, அத முருகன் ஒக்காந்து மறைச்சிருவாருல்லா" என்றார். அவர்கள் சிரித்தார்களா திட்டினார்களா என்று எனக்கு இப்போது நினைவில்லை. இரண்டும்தான் என்று வையுங்கள்.

ஞாயிறு மதியம் நாங்கள் மூன்று பேர் அங்கே கூடுவோம். மூன்றாவது ஆள் மாட்டுங்கா சாமிநாதன் சார். ஆபீஸ்காரர். என்னிடம் முறுக்கு வாங்க வந்தவர், அண்ணாச்சி என் பட்டறைச் சுவரில் கரியால் போட்டு வைத்திருந்த காளையைப் பார்த்துவிட்டு, "யார் ஓய் இது போட்டது?" என்று கேட்டு, அங்கிருந்து நேரே அண்ணாச்சி வீட்டுக்கு நடந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் வர்ணம். நல்ல வெளிநாட்டுக் காகிதம் கொண்டுவருவார். வானத்தை மட்டும் போடுவார். அப்படி ஒரு வானம் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே வீடோ மரமோ வரைவதற்குள், "நேரமாயிடுத்து, ஆத்துல தேடுவா" என்று எழுந்துவிடுவார். அவர் வீட்டில் பெட்டி பெட்டியாக வானம் இருக்கிறது. நான் சோப்பில் கோழி செதுக்குவேன். என் மனைவி கோழியின் வால் முடிவதற்குள் அதை எடுத்துத் தேய்த்துக் குளித்துவிடுவாள். இதுதான் நாங்கள். ஊரில் எங்களுக்குப் பெயர் ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு.

தாயம்மாள் என் பட்டறையில் பொட்டலம் கட்டுகிறவர். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். ஒரே பிள்ளை, பெயர் முத்து. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில், சாக்கடை எது சந்து எது என்று தெரியாமல் தண்ணீர் நிறைந்து கிடந்த நாளில், அவன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் எடுத்தார்கள். முகத்தைத் துணியால் சுற்றிவிட்டார்கள். தாயைப் பார்க்க விடவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திருப்பிப் பிடித்த பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

அந்த வீட்டில் பிள்ளையின் போட்டோ ஒன்றுகூட இல்லை. குழந்தையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. முத்துவின் அப்பா அதில் கண்டிப்பாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி எடுத்தபோதுகூட அவனை அன்றைக்கு அனுப்பவில்லை. அந்த மனிதர் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. மூட்டை தூக்கப் போகிறார், வருகிறார்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயம்மாள் அண்ணாச்சியின் கோலி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க என்னென்னமோ வரையுதியள. எம் புள்ளைய வரைஞ்சு தாங்க. மாலை போட ஒண்ணுமில்ல."

அண்ணாச்சிக்கு முத்துவைத் தெரியும். ஆனால் சந்தில் ஓடுகிற எத்தனையோ பிள்ளைகளில் ஒருவனாகத்தான் தெரியும். "சொல்லுங்க தாயி, நீங்க சொல்லச் சொல்ல நான் போடுதேன்" என்றார். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நெற்றி அகலம். புருவம் மேலே ஏறியிருக்கும். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். அண்ணாச்சி கரியால் போட்டார். நான் பார்த்தேன், அழகான பிள்ளை. தாயம்மாள் வெகுநேரம் பார்த்தார். "நெத்தி சரி. ஆனா இவன் வேற புள்ள" என்றார்.

"தப்பு கரியில. கரியில பச்சப்புள்ளத் தோலு வராது" என்றார் அண்ணாச்சி. சாமிநாதன் சார் தண்ணீர் வர்ணம் கொண்டுவந்தார். அதில் ஒரு பிள்ளை வந்தான். அவனும் வேறு பிள்ளை. எண்ணெய்ச் சாயத்தில் ஒருவன் வந்தான். காது சரி, கண் இல்லை. மாவில் ஒருவன். தோலில் ஒருவன். ஒவ்வொரு ஞாயிறும் தாயம்மாள் வருவார், உட்கார்ந்து பார்ப்பார், இல்லையென்று தலையசைப்பார். முன்பெல்லாம் பாதியில் விடுகிற மனிதர், இதை மட்டும் விடவில்லை. வேலைக்குப் போகிற நாளிலும் சாப்பாட்டு நேரத்தில் உப்புக் கையோடு ஏதாவது ஒரு மூக்கைக் கீறிக்கொண்டிருந்தார். இதை முடிக்காமல் இனி எதுவும் ஆரம்பிக்க மாட்டேன் என்று மதினியிடம் சொன்னாராம். "நல்ல புத்தி வர ஒரு புள்ள சாகணுமா" என்று மதினி கேட்டாராம்.

ஒரு நாள் தாயம்மாள் வந்தார். புதுப் படத்தைப் பார்க்கவே இல்லை. உட்காரவும் இல்லை.

"அண்ணாச்சி, போதும்" என்றார். "நேத்து சோத்துக்கு முன்னால ஒக்காந்து அவன நெனச்சேன். ஒங்க படந்தான் வருது. கரியில போட்டியள, அவன் வாரான். சாயத்துல உள்ளவன் வாரான். எம் புள்ள வரமாட்டேங்கான். கண்ண மூடி மூடிப் பாக்கேன். ஒங்க புள்ளைகளா வந்து நிக்கானுவ."

சாமிநாதன் சார் தூரிகையைத் தண்ணீரில் வைத்தபடியே இருந்தார். தண்ணீர் சிவந்துகொண்டே போனது. தாயம்மாள் திட்டவில்லை, அழவில்லை. போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது அண்ணாச்சி முகங்களை அழித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சாயப் படத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். தண்ணீர் வர்ணப் படத்தின் தலைப்பக்கத்தை வாளிக்குள் முக்கினார். மாவுப் பொம்மையின் முகத்தை உளியால் சீவினார். உடம்பையும் சட்டையையும் தொடவில்லை, முகத்தை மட்டும். சாமிநாதன் சார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"என்ன ஓய் பண்றீர்? பைத்தியம் பிடிச்சுடுத்தா உமக்கு? எத்தனை மாச உழைப்பு!"

"விடுங்க சார். இந்த மூஞ்சியெல்லாம் போனாத்தான் அந்தப் பயலுக்கு எடம் கெடைக்கும்" என்றார் அண்ணாச்சி.

முகம் இல்லாத பிள்ளைகளைச் சுவரோரமாக வரிசையாகச் சாத்தி வைத்தார். நாங்கள் நினைத்தோம், தாயம்மாளுக்கு மெல்ல மெல்லப் பிள்ளையின் முகம் திரும்பி வரும் என்று. வரவில்லை. பட்டறையில் அவர் பொட்டலம் கட்டுவதைப் பார்ப்பேன். கை கட்டிக்கொண்டிருக்கும், கண் எங்கோ இருக்கும். "வந்துச்சா தாயி?" என்று ஒரு தடவை கேட்டேன். "இல்லண்ணே. இப்பம் யாரும் வரல. ஒங்க அண்ணாச்சி புள்ளைகளும் வரல. வெறுஞ்சுவரா இருக்கு" என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

அண்ணாச்சி கிறுக்கையே விட்டுவிட்டார். கொஞ்ச காலம் சும்மா உட்கார்ந்திருப்பார், கையை மட்டும் பிசைந்துகொண்டிருப்பார். அது பார்க்கச் சகிக்காமல் நான்தான் கும்பார்வாடாவிலிருந்து களிமண் வாங்கி வந்தேன். பானை செய்கிற குஜராத்திக்காரர் கேசவ் பாய் ஒரு பெரிய உருண்டை கொடுத்தார். அண்ணாச்சி அதை இன்னது செய்வதென்று இல்லாமல் வெறுமனே பிசைந்துகொண்டிருந்தார். நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு நடந்தது யாரும் நினைத்துச் செய்ததில்லை.

ஒரு ஞாயிறு நாங்கள் உட்கார்ந்திருக்கையில் தாயம்மாள் மதினிக்குத் தண்ணீர்க்குடம் கொண்டுவந்தார். குடத்தை இறக்கிவிட்டு, நிமிர்வதற்காகக் கையை எங்காவது ஊன்ற வேண்டுமே, அந்த மண் உருண்டையின் மேல் ஊன்றினார். கை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். பிறகு உள்ளங்கையை மெல்லக் கீழே வழித்தார், பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி.

"அண்ணாச்சி, இது இங்கன கொஞ்சம் உள்ள போவணும்" என்றார்.

அண்ணாச்சி உருண்டையை மணைமேல் வைத்து நகர்ந்துகொண்டார். தாயம்மாள் அதன் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்தார். எண்ணெய் தேய்க்கும்போது பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, நாம் பின்னால்தானே உட்காருவோம்? அந்த இடத்திலிருந்து அவர் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிடரிக்குழியைக் கட்டைவிரலால் அழுத்தினார். காதுக்குப் பின்னால் ஒரு மேடு வைத்தார். உச்சியில் விரலைச் சுழற்றி ஒரு சுழி போட்டார், பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ரெட்டச் சுழி. ரெண்டு பொண்டாட்டி கட்டுவான்னு எங்க அத்த சொல்லும். 'ஒருத்திக்கே சோறு போட முடியாது, ஏன் அத்த'ன்னு நான் சண்ட போடுவேன்."

அழவும் செய்தார். அது அவன்தான். எங்களுக்கே தெரிந்தது, சந்தில் ஓடுகிற பிள்ளைகளின் பின்னந்தலையைத்தானே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்! "இவன்தான்" என்றார் தாயம்மாள். பிறகு அவசரமாக, "முன்னால திருப்புங்க. மூஞ்சியும் வரும். கை சொல்லும்" என்றார்.

அண்ணாச்சி மணையைத் திருப்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. முன்னால வராதீங்க. தப்பா வந்துச்சுன்னா இதுவும் போயிரும். இது இப்பிடியே கெடக்கட்டும்" என்றார்.

அன்று முதல் அந்தத் தலை அப்படியே பாதியில் இருந்தது. பின்பக்கம் முத்து, முன்பக்கம் வெறும் மண். சுட்டுவிடலாமா என்று நான் கேசவ் பாயிடம் கேட்டேன். உள்ளே கெட்டியாக இருக்கிற மண் சூளையில் வெடித்துச் சிதறும் என்றார். காயவிட்டால் வெடிப்பு விழும். அப்படியானால்? "ப்யாஸா மத் ரக்கோ" என்றார். தாகத்தோடு விடாதே என்று அர்த்தம். அதனால் அண்ணாச்சி ஒரு கோணிச்சாக்கைத் தினமும் நனைத்துப் பிழிந்து தலைமேல் போர்த்திவைத்தார். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. தாயம்மாள் வேலை முடிந்து போகிற வழியில் சாக்கை விலக்கிக் கொஞ்ச நேரம் பின்னால் உட்கார்ந்துவிட்டுப் போவார். தொடமாட்டார், கையை அருகில் வைத்துக்கொள்வார். கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அந்தச் சாக்குக்குத் தண்ணீர் உண்டு. மதினி கத்துவார். "எந்தொண்ட காயுது, மண்ணுக்கு எளநி ஊத்துதியளாக்கும்!" கத்திக்கொண்டே சொம்பை நகர்த்தி வைப்பார்.

அதற்குப் பிறகும் அண்ணாச்சி புதிது புதிதாக ஏதேதோ எடுத்தார், பாதியில் விட்டார். ஆனால் இப்போது சாமானைக் குற்றம் சொல்வதில்லை. எடுத்ததில் ஒன்றையாவது ஏன் முடிக்கக்கூடாது என்று சாமிநாதன் சார் ஒரு தடவை கேட்டதற்கு, "முடிச்சா அது நம்மளப் பாக்காது சார், ஊரப் பாக்கப் போயிரும்" என்றார். சார் அதன் பிறகு தன்னுடைய வானங்களைப் பற்றிக் கூச்சப்படுவதை விட்டுவிட்டார்.

மாசி கடைசியில் அண்ணாச்சிக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண் மஞ்சள் ஆனதும் கைவைத்தியம் பார்த்தார்கள், பிறகு ஆஸ்பத்திரி. நானும் மதினியும் மாற்றி மாற்றிப் போய் இருந்தோம். வயிறு வீங்கிப் பேச்சுத் திணறுகிற நிலையிலும் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான். "சாக்கு நனைச்சியாவே?" மதினி என்னைப் பார்த்து, "நான் சாப்பிட்டனான்னு கேக்காரா பாருங்க. மண்ணக் கேக்காரு" என்பார். கடைசியாக நான் பார்த்த அன்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், "நனைச்சாச்சு அண்ணாச்சி." காதில் விழுந்ததா என்று தெரியாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நானும் தாயம்மாளும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அண்ணாச்சியைக் கொண்டுவந்தவர்களுக்கு அவரைக் கிடத்த இடம் இல்லை. கோலி முழுக்கப் பாதி உருவங்கள். அதனால் எல்லாவற்றையும் தூக்கிச் சந்தில் போட்டிருந்தார்கள். யானை, கிளி, மயில், முகமில்லாத பிள்ளைகள். சந்தில் போகிற வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "முழுசாகாத உருவம் வீட்டுல இருந்தா ஆகுமா? அதான் ஆளத் தூக்கிட்டு" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கடை போய்ச் சேர்கிற கழியில் போட்டுவிடலாம் என்றார்.

முத்துவின் மண்தலை ஓரமாக, சுவர் நிழல் இல்லாத இடத்தில் இருந்தது. காலையிலிருந்து வெயிலில். அதன் மேலிருந்த சாக்கை யாரோ எடுத்து, அண்ணாச்சியைப் பார்க்க வருகிறவர்கள் கால் துடைக்க வாசலில் விரித்திருந்தார்கள்.

தலை வெளுத்துப் போயிருந்தது. இரட்டைச் சுழிக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. தாயம்மாள் அதன் முன்னால் உட்காரவில்லை. பின்னால்தான் உட்கார்ந்தார். வெடிப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே ஓடினார். அண்ணாச்சியைக் குளிப்பாட்டுவதற்காகத் தெருக்காரர்கள் ஆளுக்கொரு சொம்பாகக் கொடுத்துச் சேர்த்த தண்ணீர் ஓர் அண்டாவில் இருந்தது. அன்றைக்கு அந்தச் சந்தில் வேறு தண்ணீர் கிடையாது. அவர் ஒரு குடத்தை அதில் அமுக்கி நிறைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத? அது பொணத்துக்கு வச்ச தண்ணி!" என்று ஒரு பெரியவர் கத்தினார். இரண்டு பேர் மறிக்கப் போனார்கள்.

உள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகூட வரவில்லை. "விடுங்க அவள. அந்த மனுசன் குளிக்காமப் போனாலும் போவாரு, அந்தச் சாக்கக் காயவிட்டுட்டுப் போமாட்டாரு" என்றார்.

அவர்கள் விலகினார்கள். நானும் விலகினேன். நான் மண் தெரிந்தவன் இல்லை. சாமிநாதன் சார் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார், அவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் உள்ளே கிடந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நீர் குடித்து ஈரமாகவே இருக்கிற மண் வேறு, ஒரு தடவை காய்ந்துவிட்ட மண் வேறு. காய்ந்த மண்ணில் குடத்தோடு தண்ணீரைக் கொட்டினால் அது கரைந்து போகும்.

தாயம்மாள் கொட்டினார். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கியது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது, உப்பு வெடிக்கிற மாதிரி. பிறகு பின்னந்தலை பொருபொருவென்று உதிர்ந்தது. அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் அணைத்தார். அணைக்க அணைக்கக் குழம்பாகி விரலிடுக்கில் வழிந்தது. "அண்ணே, புடிங்க! அண்ணே, புடிங்களேன்!" என்றார். நான் பிடித்தேன். என் கையிலும் சேறுதான். சுழி இருந்த இடம், பிடரிக்குழி, காது மேடு, எல்லாம் எங்கள் கண்முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. மாட்டுங்கா சார் நல்ல வெள்ளை வேட்டியோடு அந்தச் சேற்றில் மண்டியிட்டுப் பிடிக்கப் பார்த்தார். மூன்று பெரிய மனிதர்கள், ஒரு பிடி மண்ணை நிறுத்த முடியவில்லை.

அண்ணாச்சிக்கு மிச்சத் தண்ணீரில் முகத்தையும் காலையும் மட்டும் துடைத்தார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது அந்தச் சேற்றை மிதித்துத்தான் எல்லோரும் போக வேண்டியிருந்தது. வேறு வழி இல்லை, சந்து அவ்வளவுதான். நான் தோள் கொடுக்கிறவன். குனிந்து அள்ள முடியாது. திரும்பி வந்தபோது தாயம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மிதிபட்டதை எல்லாம் வழித்து மடியில் வைத்திருந்தார்.

"கையும் மறந்துரும்ணே" என்றார். "கண்ணு மறந்த மாதிரி கையும் மறந்துரும். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க."

நான் என்ன செய்வேன்? முறுக்குத் தகரத்தில் அந்த மண்ணைப் போட்டுக் கொண்டுவந்தேன். கேசவ் பாயிடம் காட்டினேன். கல்லும் நாரும் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஊறவைத்துத் திரும்பப் பிசைந்து கொடுத்தார். மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, உருவம்தான் போகும் என்றார்.

அதனால் இப்போது ஞாயிறு மதியம் என் பட்டறையில்தான். நான் பிசைந்து உருட்டி மணைமேல் வைப்பேன். சார் வந்து ஓர் ஓரமாக வானம் போடுவார். மதினியும் சில நாள் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். தாயம்மாள் பின்னால் உட்கார்ந்து தலையைச் செய்வார். சுழி வருகிறது, மேடு வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தலை கொஞ்சம் பெரிதாக வருகிறது. எனக்கு முதலில் பயமாக இருந்தது. கை மறக்க ஆரம்பித்துவிட்டதோ என்று சாரிடம் மெல்லச் சொன்னேன். தாயம்மாள் காதில் அது விழுந்துவிட்டது.

"மறக்கலண்ணே. இப்பம் இருந்தா இம்புட்டு இருக்கும்லா" என்றார்.

இது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி இருந்தால் கேட்டிருப்பேன். அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முன்பக்கம் வர விடாமல் மணையைப் பிடித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. போன ஞாயிறு தாயம்மாள் பாதியில் எழுந்து முன்னால் வந்தார். நான் மணையைப் பிடித்துக்கொண்டேன். "செத்த நேரம் பாத்துக்கிடுதேன்" என்று கெஞ்சினார். நான் விடவில்லை. இன்னும் எத்தனை ஞாயிறு அப்படிப் பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கும் என்று தெரியாது.

அண்ணாச்சியின் சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். மயில் மதினிக்கே. சாயமும் தூரிகையும் சாருக்கு. முகமில்லாத பிள்ளைகளை யாரும் கழியில் போடவில்லை. என் பரணில் இருக்கிறார்கள். ராமையா, இதைக் கவனமாக எழுதும். எனக்கு அவர் விட்டுப்போனது பொருள் இல்லை. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது என்னவென்று கேட்டால், அது அந்த

"அண்ணே! எங்க இருக்கிய? மண்ணு வெளுக்கப் பாக்கு, சாக்க நனைச்சுக் கொண்டாங்க!"

இதோ வாரேன் தாயி, கொட்டாதீங்க, கையால கொஞ்சமா தெளிங்க, நான் வந்து